பிக்கப் வண்டியின் ஆக்சில்: விலை பார்த்து மாற்றுவதா, காரணம் பார்த்து மாற்றுவதா?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. மாட்டு வண்டிக் காலத்தில் இதன் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அச்சுக்கு மை போடாமல் எந்த விவசாயியும் வண்டி பூட்டமாட்டார். கடையாணி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் சந்தைக்குப் புறப்படமாட்டார். இன்று மாட்டு வண்டியின் இடத்தைப் பிக்கப் வண்டி பிடித்துக்கொண்டது. அச்சைக் குனிந்து பார்க்கும் நல்ல பழக்கம் மட்டும் மாட்டு வண்டியோடு போய்விட்டது.

மலைப்பகுதி விவசாயிகளுக்கு இதனால் ஏற்படும் நஷ்டம் பெரிது. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற ஊர்களில் விளையும் பூண்டு வடுகப்பட்டிச் சந்தைக்கு இறங்க வேண்டும். நீலகிரியின் உருளைக்கிழங்கும் காரட்டும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். தோட்டத்திலிருந்து தார்ச் சாலை வரை உள்ள மண் பாதையில், மழைக்காலத்தில் சாதாரண லோடு வண்டி ஏறாது. அதனால் நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டியைப் பலர் பழைய விலைக்கு வாங்கி ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் அடிக்கடி செலவு வைப்பது முன் சக்கரங்களைச் சுழற்றும் சி.வி. ஆக்சில். அது அறுவடைக் காலத்தில் போனால், வண்டியோடு விளைச்சலும் வழியில் நின்றுவிடுகிறது.

இந்த ஆக்சிலை மாற்றும்போது விவசாயிகள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சிலர் கடையில் எது மலிவோ அதை வாங்கிப் பூட்டிவிட்டு, அடுத்த ஆண்டே மறுபடி வாங்குகிறார்கள். வேறு சிலர் மெக்கானிக் சொன்னார் என்பதற்காக, நன்றாக உள்ள பக்கத்தையும் சேர்த்து ஜோடியாகப் புதிது வாங்கிக் கடனாளி ஆகிறார்கள். இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றே. ஆக்சில் ஏன் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே கடைக்குப் போக வேண்டும். அப்படிப் போகிற விவசாயிக்குப் பாதிச் செலவு குறையும்.

எந்த வண்டிக்கு இந்த ஆக்சில்?

முதலில் தெளிவு தேவை. எல்லா லோடு வண்டியிலும் சி.வி. ஆக்சில் கிடையாது. 2005-ல் வந்து, குட்டி யானை என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். என்ஜினிலிருந்து பின்பக்கம் ஓடும் புரொப்பல்லர் ஷாப்டும், அதன் முனைகளில் கிராஸ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஜாயிண்டும் அதில் உண்டு. அதற்குத் தேவை கிராஸ் மாற்றுவதும் அவ்வப்போது கிரீஸ் அடிப்பதும்தான். அந்த வண்டிக்குச் சி.வி. ஆக்சில் போயிற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள பிக்கப்பிலும் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. முன் சக்கரத்தை ஒரு பக்கமாக ஒடித்து நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்க்க வேண்டும். நடுவிலுள்ள கிரவுன் பெட்டியிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரு தண்டு வந்து, அதன் இரு முனையிலும் மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் உறை தெரிந்தால், அதுவே சி.வி. ஆக்சில். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே இரும்புக் குழாயாக இருந்தால் அது வேறு வகை. அதற்கு வாங்க வேண்டிய பாகமும் வேறு.

வேலை செய்யும் விதம்

முன் சக்கரம் இரண்டு வேலை செய்ய வேண்டும். பக்கவாட்டில் திரும்பவும் வேண்டும், குழியில் இறங்கி மேட்டில் ஏறவும் வேண்டும். இரண்டு நிலையிலும் அதற்குச் சுழற்சி இடைவிடாமல் போய்ச் சேர வேண்டும். சாதாரண கிராஸ் ஜாயிண்ட் கோணலாகச் சுற்றும்போது, ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகமும் இரண்டு முறை தாமதமும் காட்டும். திரும்பும் சக்கரத்துக்கு அது ஒத்துவராது. எந்தக் கோணத்திலும் ஒரே வேகத்தைத் தரும் ஜாயிண்டுக்கு 1920-களில் ஆல்பிரட் ஜெப்பா என்ற பொறியாளர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று பெரும்பாலான வண்டிகளில் சக்கரத்தின் பக்கம் இருப்பது அவர் அமைத்த வகைதான்.

அதன் உள்ளே ஒரு கிண்ணம், ஒரு உள் வளையம், இரண்டுக்கும் நடுவே பள்ளங்களில் உருளும் 6 எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்து வைக்க ஒரு கூண்டு ஆகியவை உள்ளன. ஏறத்தாழ 45 பாகை வரை அது மடங்கிக் கொடுக்கும். கிரவுன் பெட்டியின் பக்கம் உள்ள ஜாயிண்டில் பெரும்பாலும் மூன்று உருளைகள் இருக்கும். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது தண்டின் நீளம் கூடிக் குறைய இது இடம் கொடுக்கிறது. பொருத்தும்போது தண்டைப் பிடித்து வெளியே இழுத்தால் இந்த உருளைகள் கழன்றுவிடலாம். ஆகவே ஆக்சிலைத் தூக்கும்போது இரண்டு ஜாயிண்டையும் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ரப்பர் உறையே உயிர்நாடி

குண்டுகளும் பள்ளங்களும் மிகக் கடினமான எஃகு. சுத்தமான கிரீஸ் இருக்கும் வரை அவை வண்டியின் ஆயுள் முழுதும் கூட உழைக்கும். அந்தக் கிரீஸைக் காப்பது, மெக்கானிக்குகள் பூட் என்று சொல்லும் ரப்பர் உறை. உறையில் ஒரு கீறல் விழுந்தால், சக்கரம் சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே சிதறிவிடும். அந்த வழியாகவே சேறும் மணலும் தண்ணீரும் உள்ளே போகும். அதன் பிறகு உள்ளே நடப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போன்ற வேலை. ஆக்சில் கெடுவதற்கு மிகப் பெரும்பாலும் முதல் காரணம் கிழிந்த ரப்பர்தான். இரும்பின் குறை பிறகு வருவது.

ஆகவே மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை, முன் சக்கரங்களுக்குப் பின்னால் பார்ப்பது நலம். சக்கரத்தின் உட்புற வளையத்திலோ, பக்கத்திலுள்ள இரும்பிலோ கறுப்புக் கிரீஸ் தெறித்த கோடு தெரிந்தால், உறை கிழிந்துவிட்டது என்று பொருள். மடிப்புகளைக் கையால் விரித்துப் பார்த்தால் கிழிவதற்கு முன்பே வெடிப்பு தெரியும். தோட்டத்துக் கம்பி, முள், எலி ஆகியவையும் உறையைக் கிழிக்கும். மருந்துக் கலவையும் டீசலும் சிந்திய இடத்தில் வண்டியை நிறுத்துவதும் ரப்பருக்கு ஆகாது.

உறை கிழிந்திருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால், அது நல்ல நேரத்தில் கண்டுபிடித்த குறை. ஆக்சிலைக் கழற்றி, ஜாயிண்டைப் பிரித்து, பழைய கிரீஸை முழுவதும் கழுவித் துடைத்து, பள்ளங்களில் குழியோ கீறலோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, புதுக் கிரீஸும் புது உறையும் போட்டால் போதும். வண்டியோடு வந்த ஆக்சிலே திரும்பவும் பல ஆண்டுகள் உழைக்கும். இதற்கான பாகங்களின் விலை முழு ஆக்சிலின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

இதற்கு மாலிப்டினம் டை சல்பைடு கலந்த கறுப்புக் கிரீஸ் வேண்டும். பேரிங்குக்கும் டிராக்டருக்கும் அடிக்கும் சாதாரண கிரீஸை இதில் அடைக்கக் கூடாது. உறையோடு வரும் பாக்கெட்டில் உள்ள கிரீஸையே, சொன்ன அளவு முழுவதும் போட வேண்டும். ஆக்சிலைக் கழற்றாமலே ஒட்டிவிடலாம் என்று விற்கப்படும் பிளவு உறை, சேற்றிலும் மேட்டிலும் ஓடும் வண்டிக்கு ஏற்றதல்ல. அவசரத்துக்கு ஊர் வந்து சேர மட்டும் அது உதவலாம்.

சத்தம் சொல்லும் சேதி

உறையைக் கவனிக்காமல் விட்டால் பிறகு சத்தம் தொடங்கும். எந்தச் சத்தம் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று தெரிந்தால், தேவையில்லாத பாகம் வாங்குவதைத் தவிர்க்கலாம்.

ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது டக், டக் என்று சீராகச் சத்தம் வந்து, நேராக ஓடும்போது நின்றுவிட்டால், சக்கரத்தின் பக்கம் உள்ள ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. நேராக ஓடும்போது, மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் முன்பக்கம் உதறினால், கிரவுன் பக்கத்து ஜாயிண்டைச் சந்தேகிக்கலாம். திரும்பினாலும் நேராகப் போனாலும் வேகத்துக்கு ஏற்ப ஊளையிடும் சத்தம் வந்தால், அது பெரும்பாலும் வீல் பேரிங். இதற்கு ஆக்சில் மாற்றினால் பணம் போகும், சத்தம் போகாது.

சத்தம் வரும் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். டயரையும் பிரேக் கட்டையையும் ஜோடியாக மாற்றும் முறை ஆக்சிலுக்குப் பொருந்தாது. மறுபக்கத்து உறை முழுசாக இருந்து, ஜாயிண்டில் ஆட்டம் இல்லையென்றால், அதை அப்படியே விட்டுவிடலாம். மாற்றியே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், எதனால் என்று காட்டச் சொல்லிக் கேட்பது விவசாயியின் உரிமை.

எதை வாங்குவது?

ஜாயிண்டே தேய்ந்துபோன பிறகு உறை மாற்றிப் பயனில்லை. அப்போது விவசாயியின் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சக்கரப் பக்கத்து ஜாயிண்டை மட்டும் வாங்கிப் பழைய தண்டிலேயே பொருத்துவது. தண்டும் கிரவுன் பக்கத்து ஜாயிண்டும் நன்றாக இருந்து, அந்த வண்டிக்குத் தனி ஜாயிண்ட் கிடைக்கும் என்றால், சிறு விவசாயிக்கு இதுவே சிக்கனமான வழி. முழு ஆக்சில்தான் வரும் என்று முதல் கடையில் சொன்னால், இன்னொரு கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வண்டி நிறுவனத்தின் முத்திரையோடு வரும் புது ஆக்சில். விலை கூடுதல். அளவிலும் எஃகின் தரத்திலும் சந்தேகம் வேண்டியதில்லை. மலைச் சாலையில் தினமும் சுமை ஏற்றும் வண்டிக்கு, முழு ஆக்சில் வாங்கியே தீர வேண்டும் என்றால், இதற்குப் பணம் ஒதுக்குவது நியாயம்.

மூன்றாவது, பெயர் பெற்ற ஆக்சில் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த முத்திரையில் விற்பது. ஜி.கே.என்., என்.டி.என். போன்ற நிறுவனங்கள் உலகெங்கும் வண்டி நிறுவனங்களுக்கே இந்த ஜாயிண்டுகளைச் செய்து கொடுப்பவை. இப்படிப்பட்டவர்களின் சரக்கு நம் வண்டிக்குக் கிடைத்தால், தரம் குறையாமல் விலை குறையலாம். பெட்டியில் உள்ள பெயரும், ஆக்சிலில் பொறித்த பெயரும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். போலிப் பெட்டிகள் சந்தையில் நிறைய.

நான்காவது, பழைய ஆக்சிலைப் புதுப்பித்து விற்பது. இதில் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. தேய்ந்த குண்டுகளையும் கூண்டையும் மாற்றி, புது உறை போட்டுத் தருபவர்கள் சிலர். வேறு சிலர் தேய்ந்த பள்ளங்களைச் சாணை பிடித்து, பெரிய குண்டுகளைப் போட்டு அனுப்புகிறார்கள். எஃகின் கடினம் மேல் தோலில்தான் இருக்கிறது. சாணை பிடிக்கையில் அந்தத் தோல் போய்விட்டால், உள்ளே இருக்கும் மெதுவான எஃகு சீக்கிரம் குழி விழும். கண் முன்னே பிரித்துக் காட்டுபவரிடம் மட்டும் இதை வாங்கலாம்.

ஐந்தாவது, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த ஆக்சில். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் இது கிடைக்கிறது. பழையது என்றவுடன் முகம் சுளிக்க வேண்டியதில்லை. உறை கிழியாமல், ஜாயிண்டில் ஆட்டம் இல்லாமல் கிடைத்த நிறுவனத்து ஆக்சில், பெயர் தெரியாத மலிவான புதியதை விடப் பல நேரங்களில் மேலானது. அதைப் பிரித்துக் கழுவி, புதுக் கிரீஸும் புது உறையும் போட்டுப் பொருத்தலாம். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று விற்பவர் எழுத்தில் தர மறுத்தால், திருட்டுச் சரக்காக இருக்கக்கூடும். அதைத் தொடவே கூடாது.

இந்த ஐந்துக்கும் வெளியே இருப்பது பெயரில்லாத மலிவான புது ஆக்சில். கடையில் பளபளப்பாக இருப்பதும் இதுதான். ஓராண்டுக்குள் விற்றுவிடப் போகிற பழைய வண்டிக்கு, சமவெளியில் எப்போதாவது நான்கு சக்கர இயக்கம் போடுகிறவர் இதை வாங்கினால் குறை சொல்ல முடியாது. மலையில் பிழைப்பு நடத்துகிறவருக்கு இது ஆகாது. கடைக்காரர் தரும் உத்தரவாதமும் இங்கே அதிகம் உதவாது. அது ஆக்சிலுக்கு மட்டுமே. கழற்றிப் பூட்டும் கூலிக்கும், இழுத்து வரும் வண்டிக்கும், ஏலம் தவறிய பூண்டுக்கும் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. 3,000 ரூபாய் மிச்சம் என்று ஒருவர் மலிவானதை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுவடை நாளில் அது பாதி மலையில் கைவிட்டால், மாற்று வண்டி வாடகை ஒன்றே அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

பழைய ஆக்சிலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோக வேண்டும். புதியது பூட்டி ஓடிப் பார்க்கும் வரை பழையதை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியவை இவை:

1. நீளம். முழுவதும் உள்ளே தள்ளிய நிலையிலும், இயல்பான நிலையிலும் அளக்க வேண்டும். இடது பக்கமும் வலது பக்கமும் பல வண்டிகளில் வேறு நீளம்.

2. இரு முனையிலும் உள்ள பற்களின் எண்ணிக்கை. சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணினால் தவறாது.

3. தண்டின் பருமன். மலிவானவற்றில் தண்டு மெலிந்திருப்பதுண்டு.

4. ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டியானால், ஜாயிண்டைச் சுற்றிப் பல் வளையம் இருக்கிறதா என்பது. பழையதில் இருந்து புதியதில் இல்லாவிட்டால் அந்த ஆக்சில் பொருந்தாது.

5. கையால் மடக்கிச் சுழற்றும்போது ஜாயிண்ட் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நகர்கிறதா என்பது. ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளர்ந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

6. உறை மிருதுவாக இருக்கிறதா, கிளாம்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்பது. நெடுநாள் கடையில் கிடந்த ரப்பர் மடிப்பில் வெடித்திருக்கும்.

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பு ஆண்டையும் சேசிஸ் எண்ணையும் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு ஆக்சில் மாறியிருக்கலாம்.

காரணத்தை மாற்றாமல் ஆக்சிலை மாற்றினால்

எவ்வளவு நல்ல ஆக்சிலையும் உடைக்கும் பழக்கங்கள் சில உண்டு. அவற்றில் முதன்மையானது, தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தை எடுக்காமல் ஓட்டுவது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட அதிக தூரம் உருள வேண்டும். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை ஏற்கும் ஏற்பாடு கிடையாது. சேற்றில் டயர் சற்று வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. முழு முறுக்கமும் ஆக்சிலிலும் கிரவுனிலும் ஏறும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தோட்டத்தில் போட்ட 4 எச் கியரோடு அத்தனை வளைவும் இறங்கினால் எந்த ஆக்சில் தாங்கும்? தார் ஏறியவுடன் 2 எச் போடுவது கட்டாயம்.

இரண்டாவது, சேற்றில் சிக்கிய வண்டியை, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்து எடுக்கப் பார்ப்பது. ஜாயிண்ட் மிக மடங்கிய நிலையில்தான் அதன் வலு மிகக் குறைவு. சக்கரத்தை நேராக வைத்து, முன்னால் கல்லோ பலகையோ போட்டு, 4 எல் கியரில் மெதுவாக எடுக்க வேண்டும்.

மூன்றாவது, முன்பக்கத்தை உயர்த்துவதற்காக டார்ஷன் பாரை முறுக்கிவிடுவது. பார்க்க எடுப்பாக இருக்கும். நேராக ஓடும்போதும் ஜாயிண்ட் மடங்கியே சுற்றும். உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். பின்னால் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினாலும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு இதே கேடு நேரும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பொருத்தும்போது

ஆக்சிலைக் கழற்றினால் கிரவுன் பெட்டியின் ஆயில் சீலையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. அதன் விலை சொற்பம். பழைய சீல் ஒழுகி, ஆயில் வற்றி, கிரவுன் போனால் அது ஆக்சிலை விடப் பெரிய செலவு. ஆயில் அளவையும் அப்போதே பார்த்து நிரப்ப வேண்டும். சக்கர நடு நட்டு புதியதாக இருக்க வேண்டும். அதை அந்த வண்டிக்குச் சொன்ன அளவுக்கு, டார்க் ஸ்பேனரால் முடுக்க வேண்டும். பல வண்டிகளில் இந்த நட்டின் இறுக்கமே வீல் பேரிங்கையும் பிடித்து வைக்கிறது. நட்டை முடுக்குவதற்கு முன் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்கினாலும், உடைந்த ஆக்சிலை உருவி எறிந்துவிட்டு அப்படியே ஊருக்கு ஓட்டினாலும் பேரிங் கெடும். அது கழன்றால் உயிருக்கே ஆபத்து. சுத்தியலால் அடித்து உள்ளே ஏற்றும் மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதைத் தவிர்க்க வேண்டும்.

பில் வாங்குவது ஏன்?

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்ற ஆசை கிராமத்தில் உண்டு. உதிரிப் பாகங்கள் பலவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. இந்த ஆசைக்கு இருந்த காரணமும் குறைந்துவிட்டது. பாகத்தின் பெயர், எண், தயாரிப்பாளர் பெயர், உத்தரவாதக் காலம் ஆகியவை பில்லில் எழுதப்பட வேண்டும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிகத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருக்கிறது. தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவருக்கு அந்தத் தடை இல்லை. தன் விளைச்சலைத் தன் வண்டியில் ஏற்றிச் செல்லும் சிறு விவசாயி இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். இவை எல்லாவற்றுக்கும் கையில் பில் இருக்க வேண்டும்.

கூட்டாகச் செய்தால் இன்னும் நலம்

ஒரே வகை பிக்கப் நான்கைந்து உள்ள ஊரில், ஒவ்வொருவரும் தனித்தனியாக நடுராத்திரியில் ஆக்சில் தேடி அலைவது வீண். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, விவசாயிகள் குழுவோ, இடதுக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாக நல்ல ஆக்சில் வாங்கி, வெயில் படாத இடத்தில் வைத்திருக்கலாம். நாலைந்து உறைகளும் கிரீஸ் பாக்கெட்டுகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். எடுப்பவர் விலையைக் கொடுத்தால் அடுத்தது வாங்கி வைக்கலாம். மொத்தமாகக் கேட்கும்போது கடைக்காரரும் விலை குறைப்பார். ஆத்திரத்தில் கண்டதை வாங்கும் நிலையும் வராது.

டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் பராமரிப்பு முகாம் நடத்தும் வேளாண்மைப் பொறியியல் துறை, மலை மாவட்டங்களில் லோடு வண்டியையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விதையிலிருந்து அறுவடை வரை விவசாயிக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, விளைந்ததைச் சந்தை சேர்க்கும் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது முழுமையான விரிவாக்கப் பணி ஆகாது. அரை நாள் பயிற்சியில் உறையைப் பார்க்கவும், சத்தத்தைப் பிரித்தறியவும், பற்களை எண்ணவும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அதுவரை விவசாயிகள் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் மழைக்கு முன் ஒரு நாள் காலையில், வண்டியை மேட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் போட்டுவிட்டு, முன்பக்கம் குனிந்து பார்க்கட்டும். ரப்பர் உறை முழுசாக இருந்தால் நிம்மதியாகச் சுமை ஏற்றலாம். வெடித்திருந்தால் அன்றே கழற்றிப் புது உறை போட்டுவிடுவது நல்லது. ஆக்சில் வாங்கும் செலவும், சந்தை தவறும் நஷ்டமும் அதோடு மிச்சம்.